விலங்காண்டு பிறக்கும் நாள்

சீன மக்கள் தம் ஆண்டுகளை எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி எனப் பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் வழங்குகின்றனர் என்பதை இந்நாட்டில் அறியாதார் இலர். பாசிர் பெனாம்பாங் மீனவர் ஊரிலும் செகிஞ்சான் வயற்புறத்திலும் செவ்விளக்குகள் தொங்கத் தொடங்கும்போதே, வரவிருப்பது எவ்விலங்கின் ஆண்டு என்பதை வடசிலாங்கூர்த் தோட்டத்துப் பிள்ளைகளும் சொல்லிவிடுவர். தாம் பிறந்த ஆண்டின் விலங்கு இன்னதென்று அறிந்து வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் பலர்.

ஆயினும், அவ்வாண்டு எந்நாளில் பிறக்கிறது, அந்நாளை எக்கணக்கால் முடிவு செய்கின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவோர் சிலரே. பெரும்பாலோர் ஆங்கில ஆண்டையும் விலங்காண்டையும் ஒன்றெனவே கொள்கின்றனர். அது பொருந்தாது. 2018ஆம் ஆண்டில் பிறந்து 2025இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். '2018, நாயாண்டு' என்று பட்டியல்கள் கூறும். ஆனால், அவ்வாண்டில் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 16ஆம் நாளன்றே பிறந்தது. ஆகவே, சனவரி மாதத்திலும் பிப்ரவரி முற்பாதியிலும் பிறந்த பிள்ளைகள் சேவலாண்டினர், எஞ்சியோரே நாயாண்டினர். ஒரே வகுப்பில் இரண்டு விலங்குகள் அமர்ந்திருக்கின்றன.

இக்கணக்கை நம் ஆசிரியர் அறிந்திருத்தல் இரண்டு காரணங்களால் வேண்டற்பாலது. இது நம் பஞ்சாங்கக் கணக்குக்கு நெருங்கிய உறவுடையது என்பது ஒன்று. ஆண்டின் எல்லைக்கோடு எவ்வாறு வரையப்படுகிறது என்பதை அறிந்தவர், அக்கோட்டை வைத்து ஒரு குழந்தையின் குணத்தையும் வாழ்வையும் அளக்கத் துணியார் என்பது மற்றொன்று.

திங்களும் ஞாயிறும்

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். இத்தகைய திங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள் ஆகும். ஞாயிற்றைக் கொண்டு அளக்கும் ஆண்டோ 365 நாளும் கால் நாளும் உடையது. ஆகவே, திங்களாண்டு ஒவ்வொரு முறையும் பதினொரு நாள் குறைகிறது. இந்தப் பதினொரு நாளை என்செய்வது? நாட்காட்டி வகுத்த மாந்தர் அனைவரையும் வருத்திய வினா இதுவே. மலேசிய மண்ணில் மூன்று விடைகளை நாம் அருகருகே காண்கிறோம்.

இசுலாமிய நாட்காட்டி அக்குறையை நிரப்புவதில்லை. ஆதலால் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னேறி வந்து, முப்பத்துமூன்று ஆண்டளவில் பருவங்கள் அனைத்தையும் ஒருமுறை சுற்றிவிடுகிறது. கோலசிலாங்கூர் மெலாவாத்திக் குன்றின்மேல் பிறை நோக்கும் நிலையம் ஒன்று உண்டு. அங்கிருந்து கடலை நோக்கி மேற்கு வானில் தேடப்படுவது கண்ணுக்குப் புலனாகும் முதற்பிறை.

தமிழர் மாதம் ஞாயிற்றைப் பற்றியது. ஞாயிறு மேட இராசியில் புகும்போது சித்திரையும், மகர இராசியில் புகும்போது தையும் பிறக்கின்றன. ஆகவே சித்திரைப் புத்தாண்டும் பொங்கலும் ஏறக்குறைய ஒரே நாளில் நிலைத்து நிற்கின்றன. தீபாவளியும் தைப்பூசமும் திங்களின் நிலையையும் நோக்குவன ஆதலின் இடம் பெயர்கின்றன.

சீனர் இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொண்டனர். மாதத்தைத் திங்களால் அளப்பர். ஆண்டை ஞாயிற்றோடு கட்டிவைப்பர். பதினொரு நாள் குறைகள் சேர்ந்து ஒரு மாத அளவை எட்டும்போது, இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பதின்மூன்றாம் திங்கள் ஒன்றை நுழைப்பர். பத்தொன்பது ஆண்டில் ஏழு மிகைத் திங்கள் என்பது பொதுக்கணக்கு. பத்தொன்பது ஞாயிற்றாண்டுக்கும் 235 திங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு மணி நேரமளவே என்பதை நோக்க, இக்கணக்கின் நுட்பம் விளங்கும்.

சீனர் விழாக்களைக் கூர்ந்து நோக்கின் இவ்விரட்டைத் தன்மை புலப்படும். புத்தாண்டு நாள் மாறுகிறது. ஆனால், பசையரிசி மாவுருண்டை செய்து உண்ணும் பனிக்கால விழா எப்போதும் டிசம்பர் 21 அல்லது 22ஐ ஒட்டியே வருகிறது. முன்னோர் கல்லறைக்குச் சென்று வழிபடும் செங் பெங் நாளும் ஏப்ரல் 4 அல்லது 5ஐ விட்டு அகல்வதில்லை. முன்னது திங்கள் வழிப்பட்டது. பின்னவை ஞாயிற்றின் வழிப்பட்டவை.

புத்தாண்டை நிறுத்தும் நெறி

சீன வானநூலார் ஞாயிற்றின் வழியை இருபத்துநான்கு கூறுகளாக்கினர். கூறு ஒன்றுக்குப் பதினைந்து பாகை. இவற்றுள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த பன்னிரண்டை நடுக்கூறுகள் எனலாம். ஞாயிறு தென்கோடியை எட்டித் திரும்பும் டிசம்பர் நாள் இப்பன்னிரண்டனுள் தலையாயது.

இனி நெறிகளைக் காண்போம். அமாவாசை நிகழும் நாளே திங்களின் முதல் நாள். பிறை கண்ணுக்குத் தோன்றும்வரை காத்திருப்பதில்லை. ஞாயிற்றின் டிசம்பர்த் திருப்பம் எத்திங்களில் நிகழ்கிறதோ அது பதினோராம் திங்கள். ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் இடையில் திங்கள்கள் பதின்மூன்றாக மிகுமாயின், அவற்றுள் நடுக்கூறு ஏதும் வாய்க்காத முதல் திங்கள் மிகைத் திங்களாகும். அதற்குத் தனி எண் இல்லை. முந்திய திங்களின் எண்ணையே பெறும். 2025ஆம் ஆண்டில் சூலை 25 முதல் ஆகஸ்டு 22 வரை ஓடிய திங்களில் நடுக்கூறு எதுவும் இல்லை. சூலை 22இல் ஒன்று கழிந்தது. அடுத்தது ஆகஸ்டு 23இல் வந்தது. ஆகவே அது மிகை ஆறாம் திங்கள் ஆயிற்று. அவ்வாண்டு 384 நாள் நீண்டது.

இந்நெறிகளின் பயனாக, பிப்ரவரி 19ஐ ஒட்டி வரும் 'மழைநீர்' என்னும் நடுக்கூற்றைத் தன்னுள் கொண்ட திங்களே பெரும்பாலும் முதல் திங்களாகிறது. அத்திங்கள் தொடங்கும் அமாவாசை நாளே புத்தாண்டு. எனவே, அது சனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஊசலாடுகிறது. 1966இல் சனவரி 21ஆம் நாளும், 1985இல் பிப்ரவரி 20ஆம் நாளும் அது வந்தது இரு கரைகளையும் காட்டும். 1998ஆம் ஆண்டில் சீனப் புத்தாண்டு சனவரி 28ஆம் நாளும் நோன்புப் பெருநாள் சனவரி 30ஆம் நாளும் வந்தன. அமாவாசையைக் கணக்கிடும் நெறிக்கும் பிறையை நோக்கும் நெறிக்கும் இடையிலுள்ள தொலைவு அந்த இரண்டு நாளே.

நடுக்கூறு இல்லாத திங்களை மிகையாக்கும் நெறி நமக்குப் புதிதன்று. ஞாயிறு இராசி மாறாத சாந்திர மாதத்தை 'அதிக மாதம்' என்று நம் பஞ்சாங்க நூலாரும் கூறுவர். தெலுங்கரும் கன்னடரும் அதனைக் கொண்டே மாதம் எண்ணுகின்றனர். 2023ஆம் ஆண்டில் இரு முறையிலும் மிகை மாதம் வந்தது. எனினும் சீனர்க்கு அது மார்ச்சு 22 முதல் ஏப்ரல் 19 வரையும், தெலுங்கர்க்குச் சூலை 18 முதல் ஆகஸ்டு 16 வரையும் அமைந்தது. சீனர் ஞாயிற்றின் திருப்பத்திலிருந்து பாகையை எண்ணுகின்றனர். நாம் நாண்மீன்களிலிருந்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் இன்று ஏறத்தாழ இருபத்துநான்கு பாகை இடைவெளி உண்டு. நெறி ஒன்றே, அளக்கத் தொடங்கும் இடமே வேறு.

தைப்பூசமும் சாப் கோ மேயும்

இதனை மாணவர்க்கு விளக்க நம் கைக்கு எட்டும் சான்று ஒன்று உண்டு. சீனப் புத்தாண்டு அமாவாசை நாளில் வருவது. தைப்பூசம் முழுமதியை ஒட்டி வருவது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருவத்தன. ஆகவே, இவ்விரு விழாக்களுக்கும் இடையில் அரைத் திங்கள் அளவே இடைவெளி நிற்கும். முந்துவது எது என்பதே ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

2024இல் சனவரி 25 தைப்பூசம்; பிப்ரவரி 10 சீனப் புத்தாண்டு. 2022இல் சனவரி 18 தைப்பூசம். பிப்ரவரி 1 புத்தாண்டு. இவ்வாண்டுகளில் பூசம் முந்திற்று. 2023இல் புத்தாண்டு சனவரி 22ஆம் நாளே வந்துவிட்டது. தைப்பூசம் பிப்ரவரி 5. அன்றுதான் சீனர் புத்தாண்டின் பதினைந்தாம் இரவாகிய சாப் கோ மேயும். 2020இலும் பிப்ரவரி 8ஆம் நாளன்று இரண்டும் ஒன்றின. 2025இல் ஒரு நாளே வேறுபட்டன. பத்துமலையில் காவடி எடுத்தோர் தலைக்கு மேல் நின்ற நிலவும், இளஞ்சீனப் பெண்கள் ஆற்றில் ஆரஞ்சுப் பழம் எறிந்து மகிழும் இரவின் நிலவும் ஒன்றே.

காரணம் எளிது. தை மாதம் சனவரி 14ஐ ஒட்டித் தொடங்கிப் பிப்ரவரி 12ஐ ஒட்டி முடிகிறது. புத்தாண்டு அமாவாசை சனவரி இறுதிக்கு முன்பே வருமாயின், அதனை அடுத்த முழுமதி தைக்குள் அடங்கும். தைப்பூசம் பின்னே வரும். அமாவாசை அதற்குப் பின் வருமாயின், தையின் முழுமதி முன்னரே கழிந்திருக்கும். தைப்பூசம் முன்னே நிற்கும். நாட்காட்டியும் வானமும் மட்டும் இருந்தால் போதும். தோட்டப் பள்ளி மாணவன் இதனைத் தானே ஆராய்ந்து காணலாம்.

பத்தும் பன்னிரண்டும்

புத்தாண்டு நாளைக் கண்டோம். இனி அவ்வாண்டுக்குப் பெயர் வருமாறு காண்போம். சீனரிடம் 'வான்தண்டு' எனப்படும் குறிகள் பத்தும், 'மண்கிளை' எனப்படும் குறிகள் பன்னிரண்டும் உண்டு. கிளை பன்னிரண்டுக்கும் உரியவையே பன்னிரு விலங்குகள். தண்டுகள் இரண்டிரண்டாக மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் ஐம்பொருளுக்கு உரியன.

பத்து மணி கோத்த வளையம் ஒன்றும் பன்னிரண்டு மணி கோத்த வளையம் ஒன்றும் செய்து, இரண்டையும் ஆண்டுக்கு ஒவ்வொரு மணியாக உருட்டுக. முதல் மணிகள் இரண்டும் மீண்டும் சந்திக்க அறுபது ஆண்டாகும். பத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் நூற்றிருபது அன்றோ எனின், ஒற்றைப்படை மணியோடு ஒற்றைப்படையும் இரட்டைப்படையோடு இரட்டைப்படையுமே சேருமாதலின் பாதி இணைகள் தோன்றுவதில்லை. மீச்சிறு பொதுமடங்கு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

விலங்கை அறிய ஆங்கில ஆண்டைப் பன்னிரண்டால் வகுத்து மீதியைக் காண்க. மீதி 4 எனின் எலி, 5 எருது, 6 புலி, 7 முயல், 8 டிராகன், 9 பாம்பு, 10 குதிரை, 11 ஆடு, 0 குரங்கு, 1 சேவல், 2 நாய், 3 பன்றி. ஆண்டின் கடையெண் 4, 5 ஆயின் மரம். 6, 7 தீ. 8, 9 மண். 0, 1 உலோகம். 2, 3 நீர். 2024 மர டிராகன் எனவும், 2026 தீக்குதிரை எனவும் வருதல் காண்க. இவை அந்தந்த ஆண்டின் புத்தாண்டு நாளுக்குப் பின்னரே பொருந்தும் என்பதை மறத்தல் ஆகாது.

நம் பிரபவ முதலாகிய ஆண்டுகளும் அறுபதே. அண்மைச் சுற்று நமக்கு 1987இல் தொடங்கிற்று. சீனர்க்கு 1984இல் தொடங்கிற்று. ஆகவே, சித்திரைக்குப் பின் எந்நாளில் நோக்கினும் சீனர் எண் நம் எண்ணினும் மூன்று மிகுந்திருக்கும். 2024இல் நமக்குப் பிறந்த குரோதி 38ஆவது. சீனர்க்கு அது 41ஆவது.

வியாழன் காட்டிய வட்டம்

பன்னிரண்டு என்னும் எண் எங்கிருந்து வந்தது? வியாழன் வானை ஒருமுறை சுற்றப் பன்னிரண்டு ஆண்டளவு ஆகிறது. அதனைச் சீனர் 'ஆண்டு விண்மீன்' என்றே அழைத்தனர். அதன் வழியைப் பன்னிரண்டாகப் பகுத்து ஆண்டுகளை எண்ணினர். நாம் குருப்பெயர்ச்சி கொண்டாடுவதும் அக்கோள் ஆண்டுக்கு ஓர் இராசி நகர்வதைக் கொண்டே அன்றோ? கும்பகோணத்து மகாமகம் வியாழன் சிம்மத்தில் நிற்கும் மாசியில் வருவது. 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மகாமகங்களை எடுத்துப் பார்ப்பின், மூன்றும் சீனரின் குரங்காண்டுகளாக இருத்தல் வியப்பூட்டும்.

இதனைக் கண்டு ஒருவர் மற்றவரிடம் கடன்பெற்றார் எனத் துணிதல் வேண்டா. ஒரே வானை நோக்கிய இரு மக்கள் ஒரே எண்ணை அடைதல் இயல்பே. அன்றியும், வியாழனின் சுற்று சரியாகப் பன்னிரண்டு ஆண்டன்று, 11.86 ஆண்டே. அவ்வேறுபாடு சேர்ந்து எண்பத்தைந்து ஆண்டளவில் ஓராண்டாகிறது. அதற்காக வடநாட்டார் ஓர் ஆண்டுப் பெயரை விட்டுக் கணக்கிடுவர். தென்னாட்டாரும் சீனரும் அவ்வாறு விடுவதில்லை. ஆகவே, இருவர் எண்ணிக்கையும் வியாழனை விட்டு விலகி, வெறும் எண்ணிக்கையாகவே ஓடுகின்றன.

விலங்குப் பெயர்களோ இக்கணக்குக்குப் பிந்தியவை. தண்டும் கிளையும் சேர்ந்த அறுபது இணைகள் ஷாங் மன்னர் காலத்து எலும்புப் பொறிப்புகளில், கி.மு. 13ஆம் நூற்றாண்டளவிலேயே நாள்களை எண்ணப் பயன்பட்டன. விலங்குகளைக் கிளைகளோடு இணைத்துக் காட்டும் பழஞ்சான்று, ஹூபே மாநிலத்துச் சுயிஹூதி என்னுமிடத்தில் 1975இல் அகழ்ந்தெடுத்த மூங்கில் ஏடுகளில் உள்ளது. அவை கி.மு. 217ஆம் ஆண்டுக் கல்லறையைச் சேர்ந்தவை. அப்பட்டியலில் சில விலங்குகள் இன்றைய வரிசைக்கு மாறாக உள்ளன. எண்ணே முந்தியது, விலங்கு அவ்வெண்ணை நினைவிற்கொள்ள வந்த பெயர்.

எல்லைகள் பல

ஆண்டின் எல்லையும் என்றும் ஒன்றாக இருந்ததில்லை. சின் அரசர் காலத்தில் பத்தாம் திங்களே ஆண்டின் தொடக்கம். ஹான் பேரரசர் வூ காலத்தில், கி.மு. 104இல் வகுத்த நாட்காட்டியே ஆண்டை இன்றைய முதல் திங்களில் தொடங்கச் செய்தது. 1645இல், இயேசு சபைத் துறவி ஆடம் ஷால் முயற்சியால், ஞாயிற்றின் சராசரி ஓட்டத்தை விடுத்து மெய்யான நிலையைக் கணக்கிடும் முறை ஏற்கப்பட்டது.

இன்றும் எல்லை ஒன்றன்று. பிறப்புக் கணிப்பார் பலர் புத்தாண்டு நாளைக் கொள்ளாது, பிப்ரவரி 4ஐ ஒட்டி வரும் 'இளவேனில் தொடக்கம்' என்னும் ஞாயிற்று நாளையே ஆண்டுப் பிறப்பாகக் கொள்வர். 2024 பிப்ரவரி 6இல் பிறந்த குழந்தை ஊர் வழக்கில் முயல். கணிப்பார் கணக்கில் டிராகன்.

வியட்நாமியர் தம் நேரத்தைக் கொண்டு கணக்கிடுவர்; அது சீன நேரத்துக்கு ஒரு மணி பிந்தியது. 1984 டிசம்பரில் ஞாயிற்றின் திருப்பம் சீனத்தில் நள்ளிரவு கடந்து 22ஆம் நாளிலும், வியட்நாமில் நள்ளிரவுக்கு முன் 21ஆம் நாளிலும் நிகழ்ந்தது. 22ஆம் நாளோ அமாவாசை. அந்த ஒரு மணி நேரத்தால் திருப்பம் வெவ்வேறு திங்களில் விழுந்து, 1985இல் வியட்நாமியர் புத்தாண்டு சனவரி 21ஆம் நாளும், சீனர் புத்தாண்டு பிப்ரவரி 20ஆம் நாளும் வந்தன. ஒரு திங்கள் வேறுபாடு! சப்பானியரோ 1873இல் ஆங்கில நாட்காட்டியை ஏற்றபின் விலங்காண்டையும் சனவரி முதல் நாளிலேயே தொடங்குகின்றனர்.

அளக்கலாகாதது

இவ்வெல்லைகள் வெறும் ஏட்டுச்செய்தி அல்ல. தீக்குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகாள் என்பது சப்பானில் நிலவிய நம்பிக்கை. 1965இல் அந்நாட்டில் ஏறத்தாழ 18 இலட்சத்து 20 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. தீக்குதிரை ஆண்டாகிய 1966இல் அத்தொகை 13 இலட்சத்து 60 ஆயிரமாக வீழ்ந்தது. மறுபுறம், 1976, 1988 ஆகிய டிராகன் ஆண்டுகளில் மலேசிய, சிங்கப்பூர்ச் சீனரிடையே பிறப்பு உயர்ந்தது. நற்பேறு தேடிப் பெற்ற அப்பிள்ளைகள் பள்ளியிலும் வேலையிலும் நெரிசலையே முதலில் சந்தித்தனர்.

1966 சனவரி 10ஆம் நாள் பிறந்த ஒரு பெண்மகவை நினைத்துப் பாருங்கள். சப்பானியர் கணக்கில் அவள் தீக்குதிரை, அஞ்சத்தக்கவள். சீனர் கணக்கிலோ அன்று புத்தாண்டு பிறக்கவில்லை, அவள் மரப்பாம்பு, அச்சத்துக்கு இடமில்லை. குழந்தை ஒன்றே, நாள் ஒன்றே, வேறுபட்டது ஓர் அரசு 1873இல் செய்த முடிவு மட்டுமே. அம்முடிவு ஒரு பெண்ணின் இல்வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாகுமோ?

பிறர் நம்பிக்கையைச் சுட்டி நாம் நகைப்பதற்கும் இடமில்லை. மூல நாண்மீனில் பிறந்தாள் என்னும் ஒரே காரணத்தால் வரன் தட்டிப்போன பெண்கள் நம் தோட்டங்களிலும் இருந்தனர்; இருக்கின்றனர். திருக்கணிதமும் வாக்கியமும் ஒரே பிறப்புக்குச் சில வேளை இருவேறு நாண்மீன் காட்டுவதைப் பஞ்சாங்கம் புரட்டுவோர் அறிவர். நாழிகை சிறிது பிசகினால் மாறிவிடும் ஒன்றை நம்பி ஒருத்தியின் வாழ்வை ஒதுக்குதல் அறமாகாது.

நாட்காட்டி மாந்தன் அறிவின் பெருஞ்செல்வம். உழவனுக்கு விதைக்கும் பருவத்தையும், மீனவனுக்குக் கடலேற்றத்தையும், ஊர்க்கு விழாவையும் அது காட்டிற்று. அதன் கணக்கை நம் பிள்ளைகளுக்குக் குறைவறக் கற்பிப்போம். சீன நண்பன் புத்தாண்டு கொண்டாடும் நாள் ஏன் மாறுகிறது என்பதைத் தமிழ் மாணவன் விளக்கவல்லனாயின், அண்டை வீட்டாரை அறிந்ததோடு தன் பஞ்சாங்கத்தையும் அறிந்தவனாவான். ஆனால், பள்ளிப் பதிவேட்டில் பிறந்த நாளை எழுதும் நாம், அதனருகே எலி என்றும் புலி என்றும், மூலம் என்றும் ஆயிலியம் என்றும் மனத்தில் எழுதிவிடாதிருப்போம். நாட்காட்டி நாளை அளக்கும், பிள்ளையை அளக்காது.